உன் அம்மாவின் பாசித் தொட்டி

மகனே,

வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த உன் சித்தப்பா குடும்பம் கூடத்தில், உன் அத்தைகள் உள்ளறையில், மொட்டைமாடியில் பந்தல்காரர்கள். அதனால் முற்பகல் வகுப்பு முடிந்ததும் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டேன். நாளை மறுநாள் உனக்குக் கல்யாணம். ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதும் அப்பனை நீ கேலி செய்யலாம், செய்துகொள். நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் யாராவது காபி கேட்பார்கள், நானும் அதையே சாக்காக வைத்துப் பேச்சை மாற்றிவிடுவேன். வாத்தியார் வேலையிலேயே தலை நரைத்தவனுக்குத் தன் தவறுகளை வாயால் சொல்லிப் பழக்கம் கிடையாது.

நேற்று சாயங்காலம் உன் வருங்கால மனைவி வீட்டுக்கு வந்திருந்தாள் அல்லவா? மயிலாப்பூரில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். கணக்கை வார்த்தையே இல்லாமல் படம் படமாக வரைந்து சொல்லித்தர ஒரு முறை யோசித்திருப்பதாக, கண்கள் விரிய உன்னிடம் சொன்னாள். நீ சிரித்தாய். "அதெல்லாம் நடக்கிற கதையா?" என்றாய். அவளும் கூடச் சிரித்துவைத்தாள். அவள் அப்படிச் சிரித்ததைத்தான் நான் கவனித்தேன். உன் சிரிப்பு எனக்குப் புதிதில்லை, மகனே. அது என்னுடையது. மூக்கோடு சேர்த்து நான் உனக்குக் கொடுத்த சொத்து. அது ஒருமுறை இந்த வீட்டில் என்ன செய்தது என்பதும், உன் அம்மா அதை எப்படி ஜெயித்தாள் என்பதும் உனக்குப் பாதிதான் தெரியும். அந்த வருஷங்களில் நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து நீ பேசிய மூன்று நிமிஷத்தில் நாங்கள் உன் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டோம்.

நீ கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பள்ளி திறந்த ஜூன் மாதம், பிளஸ் டூ மாணவிகளின் செய்முறை வகுப்புக்குப் பாசி வேண்டுமென்று உன் அம்மா அடையாறு ஆறு கடலோடு சேருமிடத்துக்குப் போனாள். அவள் உயிரியல் டீச்சர். வருஷா வருஷம் போவதுதான். அங்கே தேங்கிக்கிடந்த ஒரு குட்டையில், பச்சைக் கம்பளி போர்த்தியதுபோல் பாசி படிந்த பாலிதீன் கவர் ஒன்று மிதந்திருக்கிறது. பாசியை வழித்தெடுக்க அதைப் பிடித்து இழுத்தவள் கையோடு கவர் கிழிந்து வந்துவிட்டது. நனைந்த அப்பளம் மாதிரி இருந்தது என்றாள். கரையில் காய்ந்துகிடந்த அதே மாதிரிக் கவர் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள். அது நீண்டுகொண்டே போனதே தவிரக் கிழியவில்லை. இரண்டையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, வெயிலில் கறுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கு என் துறை நண்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து காட்டி, "ஏங்க, இந்தப் பாசி பிளாஸ்டிக்கை ஏதோ பண்ணுதுங்க. கெட்டியா இருக்க வேண்டியது இத்துப் போயிருக்கு பாருங்க" என்றாள். நான் சிரித்தேன். பாலிதீன் என்றால் என்ன, அதன் சங்கிலி எவ்வளவு நீளம், அதை ஏன் எந்த உயிரும் தொடாது என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். கடைசியில், "நல்லதாப் போச்சு, இனிமே குப்பை வண்டி வேணாம், மாநகராட்சிக்கு நாலு வாளி பாசி குடுத்துடலாம்" என்றேன். நண்பர்களும் சிரித்தார்கள். அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "காபி போடறேன்" என்று உள்ளே போனாள். அன்று நான் சொன்ன வேதியியலில் தவறு அதிகமில்லை. ஆனால் ஒரு கேள்வியோடு வந்தவளிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இருபது வருஷ ஆசிரியர் வேலையில் அதைவிட மோசமான வகுப்பை நான் எடுத்ததில்லை.

அவள் என்னோடு வாதாடவில்லை. மாடியில் செடி வைத்திருந்த சிமெண்ட் தொட்டியைக் காலிசெய்து, அந்தக் குட்டைத் தண்ணீரையும் பாசியையும் ஊற்றி வளர்த்தாள். தி. நகரில் கவர் மொத்தமாக விற்கும் கடையில் ஒரே கட்டாக வாங்கிவந்து, ஒரே அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டி, நைலான் நூலில் கூழாங்கல் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டாள். பள்ளிக்குப் போகும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை பார்ப்பாள். கோடு போட்ட நோட்டில் எழுதுவாள். நான் அந்தப் பக்கம் போனால் பார்க்காததுபோல் கடந்துவிடுவேன். நம் தெருவில் அப்போது தண்ணீர் லாரி வந்தால் குடங்கள் வரிசைகட்டி நிற்கும். அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு தொட்டி நிறையப் பச்சைத் தண்ணீரை வைத்துக் காப்பாற்றும் வீடு நம்முடையது மட்டும்தான். கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், மேல சாக்கடை வளக்குறீங்களாமே?" என்பார். எனக்குக் காது சிவக்கும்.

பத்து மாதம் இப்படிப் போயிற்று. அடுத்த ஏப்ரலில் உன் அம்மா பரீட்சைத் தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, மலேரியாத் தடுப்பு ஊழியர் ஒருவர் மாடியேறி வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்து, "சார், இது இன்னா இப்பிடி பாசி பிடிச்சுக் கீது? நாலு மீனு வுடுங்க, இல்லாங்காட்டி வலை போட்டு மூடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீன் விட்டிருக்கலாம், வலை போட்டிருக்கலாம். கீழ்வீட்டுக்காரர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊழியர் போனதும் தொட்டியைக் கவிழ்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். நூலோடு பட்டைகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். தொட்டி வெள்ளைவெளேரென்று ஆனது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் அவள் வந்தாள், நேரே மாடிக்குப் போனாள். நான் கீழே காத்திருந்தேன். அழுவாள், கத்துவாள், பதிலுக்கு இன்னது சொல்லலாம் என்று கொசு, மலேரியா, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் வரிசையாகத் தயார்செய்து வைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. இறங்கிவந்து முகம் கழுவிக்கொண்டு சோறு வடித்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போயிருந்தபோது நோட்டை எடுத்துப் பார்த்தேன். முந்திய நாள் தேதி போட்டு ஒரே வரி: "பாசி முழுவதும் அழிந்தது. காரணம்: பிளீச்சிங் பவுடர்." என் பெயர்கூட இல்லை. என்னைக் குற்றம் சாட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். அவள் நடந்ததை மட்டும் எழுதியிருந்தாள். முன்பக்கங்களைப் புரட்டினேன். பத்து மாதம், ஒருநாள் விடாமல்: இன்று மேகமூட்டம், இன்று மூன்றாம் பட்டையில் பாசி அடர்த்தி, இன்று ஐந்தாம் பட்டையில் சிறு வெடிப்பு. என் மாணவர்களில் ஒருவன்கூட எனக்கு இப்படியொரு பதிவேடு தந்ததில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதி அடிக்கோடிட்டிருந்தாள்: "இது வெயிலின் வேலையா, பாசியின் வேலையா? எப்படிப் பிரிப்பது?"

நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் எனக்கு முன்பே தன்னிடம் கேட்டுவிட்டிருந்தாள்.

பூசை முடிந்து வந்தவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வராத வார்த்தை வரவில்லை. "ரெண்டு தொட்டி வேணும். ஒண்ணுல பாசி, ஒண்ணுல வெறும் தண்ணி. ரெண்டுக்கும் ஒரே வெயில். அப்பதான் பிரிக்க முடியும்" என்றேன். என்னையே பார்த்தாள். "வெறும் தண்ணியிலயும் ஒரு வாரத்துல பாசி கட்டிடுமே?" என்றாள். "வாரா வாரம் கழுவி மாத்தணும்." "தண்ணிக்கு எங்க போறது?" "நான் கொண்டுவரேன்." அன்றிலிருந்து பதினைந்து மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் தெருமுனை அடிபம்பில் அடித்து, குடம் குடமாக இரண்டு மாடி ஏற்றினேன். கல்லூரிப் பேராசிரியர் தோளில் குடத்தோடு போவதைக் கீழ்வீட்டுக்காரர் வாய்பிளந்து பார்த்தார். அவள் அதே குட்டையிலிருந்து மறுபடி பாசி கொண்டுவந்து வளர்த்தாள், இந்தமுறை இரண்டு தொட்டியிலும் மீனும் விட்டாள், கொசு ஒழிந்தது. முதல் இரண்டு மாதம் வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, அதற்கும் பிறகு, சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. இரண்டு நாள் விடாத மழையில் தொட்டி நிரம்பி வழிய, பாசியெல்லாம் தளத்தில் ஓடத் தொடங்கியது. நான் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அவள் முட்டுவரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வடிகட்டியால் பாசியை அள்ளினாள். "அந்தப் பக்கம் போகுது, பிடி, பிடி!" என்று நான் கத்துகிறேன், கோழிக்குஞ்சு தப்பிப்போனதுபோல. அவள் நனைந்தபடி அப்படியே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாரு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்னைச் சிறுமைப்படுத்தும் எதுவும் இல்லை. ஒருவரைப் பார்த்து இப்படியும் சிரிக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பதினைந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் சோதனை வைத்தோம். ஆய்வகத்திலிருந்து அனுமதி வாங்கி ஸ்டாண்டும் கிளிப்பும் பித்தளை எடைக்கற்களும் கொண்டுவந்திருந்தேன். பட்டையின் ஒரு நுனியை மேலே கவ்வவைத்து, மறுநுனியில் சிறு தட்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கல்லாக ஏற்ற வேண்டும்; எந்தக் கல்லில் அறுகிறது என்பதுதான் கணக்கு. முதலில் வெறும் தண்ணீரில் கிடந்த பட்டை. கல்மேல் கல்லாக வைத்தேன், தாங்கியது, நீண்டது, வெகுநேரம் கழித்தே அறுந்தது. அடுத்தது பாசித் தொட்டியின் பட்டை. அவள் அதைத் துடைத்துக் காயவைத்து மாட்டினாள். முன்னதில் ஏற்றிய கற்களில் பாதிகூட ஏறவில்லை. டப்பென்று அறுந்து தட்டு மேசையில் விழுந்தது. "இன்னொண்ணு வைங்க" என்றாள். வைத்தேன், அறுந்தது. இன்னொன்று, அறுந்தது. ஏழாவது பட்டை மட்டும் அடம்பிடித்து நின்றது. வெறும் தண்ணீர்ப் பட்டைபோலவே எல்லாக் கல்லையும் தாங்கியது. "இதுல பாசி சரியாப் பிடிக்கலைபோல. விட்டுடலாமே" என்றேன். "அதையும் எழுதுங்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு விஞ்ஞானி திருத்தினாள். என் பட்டங்களுக்குப் பக்கத்தில் அதையும் நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறியிருந்த சமயம். அடையாறில் ஒரு கல்லூரியில் நீர் மாசு பற்றி ஒருநாள் கருத்தரங்கு நடத்தினார்கள். உன் அம்மா தன் கட்டுரையை அனுப்பினாள். அமைப்பாளர் எனக்குத் தெரிந்தவர். அவளுக்குப் பதில் போடாமல் எனக்குப் போன் செய்தார். "சார், ஸ்கூல் டீச்சர் வாசிச்சா சபையில எடுபடாது. நீங்க வாசிங்க, மேடம் பேரைக் கடைசியில சேர்த்துக்கலாம்" என்றார். நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இரண்டு நாள் யோசித்தேன். மேடையில் நான் நிற்பதுபோலக் கற்பனைகூடச் செய்துபார்த்தேன். மூன்றாம் நாள் காலை அவளிடம் சொல்லிவிட்டேன், அந்த இரண்டு நாளையும் சேர்த்தே. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "நீங்களே வாசிக்கலாம். ஆனா யாராவது எழுந்து கேள்வி கேட்டா? அந்தப் பாசியோட பேரு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. அமைப்பாளருக்குப் போன் செய்து, வாசிப்பவர் கட்டுரையை எழுதியவர்தான், இல்லையென்றால் கட்டுரையே வராது என்றேன். அவர், "சரி, மதியம் கடைசியா பத்து நிமிஷம்" என்றார்.

அந்தப் பத்து நிமிஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும், மகனே. சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். பாதி அரங்கம் தூங்கி வழிகிறது. கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் உன் அம்மா மேடையேறி, குரல் உயர்த்தாமல், நம் மாடியில் நடந்ததைத் தமிழிலேயே சொன்னாள். பிளீச்சிங் பவுடரால் முதல் தொட்டி அழிந்ததைச் சொன்னாள். யார் போட்டது என்று சொல்லவில்லை. அடம்பிடித்த ஏழாவது பட்டையையும் சொன்னாள். "பாசி பிளாஸ்டிக்கைத் தின்னுட்டுதுன்னு நான் சொல்லலைங்க. அதோட பலத்தைக் கெடுக்குதுன்னுதான் சொல்றேன். எப்படின்னு இன்னும் தெரியலை" என்றாள். முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். பிளாஸ்டிக் ஆய்விலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்காருவார்கள். "அம்மா, பாலிதீன் வெயில்ல கிடந்தா தானாவே பொடிஞ்சு போகும். அது எங்களுக்குப் பழைய சமாச்சாரம். இதுல உங்க பாசி என்ன பண்ணிச்சு?" என்றார். அதே கேள்வி.

உன் அம்மா புன்னகைத்தாள். "நல்ல கேள்விங்க ஐயா. ரெண்டு தொட்டிக்கும் ஒரே வெயில்தான். ஆனா பாசி மூடின பட்டைமேல வெயில் நேரா படாது. அது குடை பிடிச்ச மாதிரி நிழல்ல இருக்கு. வெயில்தான் காரணம்னா, குடைக்குள்ள இருந்தது கெட்டியா இருக்கணும், வெயில்ல நின்னது முதல்ல கிழியணும். இங்க தலைகீழா நடந்திருக்கு. ஏன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

அரங்கம் விழித்துக்கொண்டது. பெரியவர் மேடைக்கு ஏறி, நாங்கள் கொண்டுபோய் மேசைமேல் வைத்திருந்த ஸ்டாண்டில் தன் கையாலேயே பட்டையை மாட்டி, தன் கையாலேயே கற்களை வைத்தார். தட்டு விழுந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. இன்னொன்று மாட்டினார், அதுவும் அறுந்தது. அறுந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், மைக் இல்லாமலே சொன்னார்: "நாப்பது வருஷமா இதை உறுதியாக்கறது எப்படின்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். இந்த அம்மா குட்டைக்குள்ள கையை விட்டுப் பார்த்திருக்காங்க." கைதட்டல் எழுந்தது. நான் ஏழாம் வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று தட்டினேன். எனக்குப் பின்னால் யாரோ, "உட்காருங்க சார், மறைக்குது" என்றார்கள். நான் உட்காரவில்லை.

திரும்பும்போது அடையாறு டிப்போவில் பஸ்ஸுக்கு நின்றோம். அங்கேதான், கூட்டத்துக்கு நடுவில், கைப்பையில் எடைக்கற்கள் கனக்க, "அன்னிக்குத் தொட்டியைக் கழுவினது தப்பு. அதுக்கு முன்னாடி சிரிச்சது அதைவிடத் தப்பு" என்றேன். "தெரியும். பதினஞ்சு மாசமா தண்ணி சுமந்தீங்களே, அதுல தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஆனா வாயால சொன்னா நல்லாத்தான் இருக்கு" என்றாள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள். தவறைச் செயலால் ஈடுகட்டிவிட்டால் போதும் என்று நம் வீட்டு ஆண்கள் நம்பிவிடுகிறோம். செயலும் வேண்டும், சொல்லும் வேண்டும். சொல்லுக்கு நான் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டேன். நீ அன்றைக்கே சொல்லிவிடு.

பெரியவர் சில பட்டைகளைத் தன் பழைய ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். சில மாதம் கழித்துப் படங்கள் வந்தன. பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிய பாலிதீன் பரப்பில் அம்மைத் தழும்புபோல் குழிகள். ஒவ்வொரு குழியிலும் பாசி இழை உட்கார்ந்திருந்த தடம். கட்டுரை அச்சில் வந்தபோது உன் அம்மாவின் பெயர் முதலில் இருந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரும் ஒரு வரியில் இருந்தது: தண்ணீர் சுமந்ததற்காகவும், எதிர்க்கேள்வி கேட்டதற்காகவும். எத்தனையோ கட்டுரையில் என் பெயர் வந்திருக்கிறது. சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டியது இது ஒன்றைத்தான். கீழ்வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "மேடம், எங்க ஊரு கிணத்துல கூட பாசி கீது, வேணும்னா எடுத்துக்குங்க" என்றார்.

இதனால் கடலில் கிடக்கும் குப்பை நாளைக்கே கரைந்துவிடும் என்று நினைத்துவிடாதே. ஆற்றங்கரையில் கவர்கள் அன்றைவிட இன்று அதிகம். பாசி நிதானமாக வேலை செய்கிறது, நாம் வேகமாக வீசி எறிகிறோம். போடுவதைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று உன் அம்மா எல்லா மேடையிலும் சொல்கிறாள். ஆனாலும் எதுவும் தொடாது என்று நான் அடித்துச் சொன்ன ஒரு பொருளை, ஒரு குட்டையின் பச்சை தொட்டுவிட்டது. அதை முதலில் கண்டவள் நம் வீட்டில் மீன்குழம்பு வைக்கிறவள். நீ யாருடைய பிள்ளை என்று யாராவது கேட்டால், எதற்கு என் பெயரை முதலில் சொல்கிறாய்?

உன்னிடம் இன்னும் சொல்லாத ஒரு செய்தி இருக்கிறது. கல்யாண அமளியில் அமுங்கிப்போகக் கூடாது என்று அவளே மறைத்து வைத்திருக்கிறாள். போன வாரம் அந்த ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. வேளச்சேரிப் பக்கம் ஒரு குட்டையில் வேலி கட்டி, மாடியில் செய்ததைப் பெரிய அளவில் செய்துபார்க்கப் போகிறார்களாம். பொறுப்பேற்று நடத்த அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளியில் ஒரு வருஷம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலை திங்கட்கிழமை ஆரம்பம். உன் கல்யாணம் முடிந்த நான்காம் நாள். அவள் என்னிடம் யோசனை கேட்கவில்லை. "ஒத்துக்கிட்டேன்" என்று மட்டும்தான் சொன்னாள். நான் முட்டுவரை ஏறும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவந்து கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

ஆகவே திங்கட்கிழமை மறுவீட்டு விருந்துக்கு நீயும் உன் மனைவியும் பெண் வீட்டிலிருந்து வரும்போது, கதவைத் திறக்கிறவன் நானாகத்தான் இருப்பேன். உன் அம்மா முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பாள். வர சாயங்காலம் ஆகும். சமையல் என்னுடையது. இரண்டு நாளாக உன் அத்தையிடம் ரகசியமாகப் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உப்பு கூடக்குறைய இருந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எங்கேயும் கிளம்பிவிடாதீர்கள், அவள் வரட்டும். சேறு அப்பிய காலோடு அவள் படியேறி வரும்போது, நாம் மூன்று பேரும் வாசலில் நின்றிருக்க வேண்டும்.

உன் அப்பா